தடுப்புக் கம்பிக்கு மேல் ஓர் அணைப்பு

திடீரென்று மைதானம் ஊளையிட்டது.

ஆட்டத்தின் நடுவே வழக்கமாகக் கேட்கும் கூச்சல் அல்ல அது. முப்பதாயிரம் பேர் ஒரே மூச்சில் அடிவயிற்றிலிருந்து கிளப்பிய சத்தம். நான்காம் மாடியில், மூடிய கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மார்லா டோம்பெக்கின் கோப்பையில் காபி நடுங்கியது.

அடுத்த நொடி அவள் மேசைமீதிருந்த இரண்டு தொலைபேசிகளும் எதிர் மேசையில் வெண்டெலின் கைப்பேசியும் ஒன்றாக அலறின.

"யாருக்காவது அடிபட்டுடுச்சா?" என்று கேட்டாள்.

இருபது வருடமாக அந்த அலுவலகத்தில் ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரங்களைக் கட்டிக் காக்கும் வெண்டெல், சுவரிலிருந்த தொலைக்காட்சியை நோக்கி விரலை மட்டும் நீட்டினார்.

சற்றுமுன் நடந்ததைத் திரும்பக் காட்டினார்கள். திரை முழுக்க மெல்கி ஓசோரியா. பஃபலோ மில்லர்ஸ் பேஸ்பால் அணிக்காக, மூன்றாவது பேஸ் என்னும் முனையில் ஆறு வருடமாக நிற்பவன். இந்த ஊரின் செல்லப்பிள்ளை. ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்-அவுட்டின் ஓரத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். முதல் வரிசையிலிருந்து எழுந்த ஒரு வெள்ளை முடிப் பெண்மணி, தடுப்புக் கம்பிக்கு மேலாகக் குனிந்து அவனை இறுகக் கட்டிப் பிடித்திருந்தாள். அவள் தோள்கள் குலுங்கின.

அவள் ஐரீன் டோம்பெக். மார்லாவின் அம்மா. மில்லர்ஸின் சொந்தக்காரி.

வேறு எந்த நாளாக இருந்தாலும் பார்க்கிறவர்கள் நெகிழ்ந்துபோய்க் கைதட்டியிருப்பார்கள். ஆனால் அன்று ஜூலை முப்பத்தொன்று. அணிகள் ஆட்டக்காரர்களைக் கைமாற்றிக்கொள்ள அன்று மாலை ஆறு மணிவரைதான் கெடு. அந்த ஒரு நாளில் டக்-அவுட்டில் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் கைமாறிவிட்டான், விடை கொடுக்கிறார்கள். அன்றைக்கு மட்டும் கேமராக்காரர்களுக்குப் பந்து எங்கே போகிறது என்பதைப் பற்றிக் கவலை கிடையாது. இது தெரிந்த ஆட்டக்காரர்கள் வம்பே வேண்டாம் என்று அன்று பக்கத்து ஆளின் முதுகில்கூடத் தட்டுவதில்லை.

"நீங்க வித்துட்டீங்களா?" வெண்டெல் மெதுவாகக் கேட்டார்.

"நான் விக்கல."

"அப்புறம் யாரு வித்தா?"

திரையில் ஏழாவது இன்னிங்ஸ் தொடங்கிவிட்டது. மூன்றாவது பேஸில் வேறு யாரோ நின்றிருந்தான். மெல்கியை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

அவளுக்கு அது யார் என்பது தெரியாமல் இல்லை. அவள் அண்ணன் டெட்.

அப்பா ஸ்டான் டோம்பெக் சாசேஜ் வியாபாரத்தில் சம்பாதித்த பணத்தில் வாங்கிய அணி இது. அவர் போகும்போது ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். பணப் பொறுப்பு டெட்டுக்கு, ஆட்டக்காரர்கள் பொறுப்பு மார்லாவுக்கு, இருவரும் முட்டிக்கொண்டால் ஐரீன் சொல்வதே முடிவு. நாலு வருடத்தில் முட்டிக்கொள்ளாத வாரம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அதுதான் நடந்தது. மெல்கியை விற்றுவிட வேண்டும் என்றான் டெட். அவனோடு ஏழு வருட ஒப்பந்தம் போட வேண்டும் என்றாள் மார்லா. அம்மா கசகசா ரொட்டியை வெட்டி இருவர் தட்டிலும் வைத்துவிட்டு, ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்றாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது; கோட்டு போட்ட ஒருவர் இறங்கினார். யாரென்று பார்க்க டெட் எழுந்து போனான். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, ஏதோ காப்பீட்டு விஷயம் என்றான். மார்லா நம்பவில்லை. பெரிய ஊர் அணிகளுக்காக ரகசியமாகப் பேரம் பேச வருகிறவர்கள் அப்படித்தான் கோட்டு போட்டிருப்பார்கள்.

அவள் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள்.

கீழ்த்தளத்து நடைவழியில் கும்பல் கும்பலாக ஆட்கள் நின்றிருந்தார்கள். மெல்கியின் பெயர் போட்ட சட்டையைக் கழற்றி ஒருவன் குப்பைத் தொட்டியில் திணித்துக்கொண்டிருந்தான். முப்பது வருடமாக அங்கே கில்பாசா சாசேஜ் சுட்டு விற்கும் டாட்டி, இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு மார்லாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க அப்பன் இதையெல்லாம் பாக்காமப் போய்ச் சேந்தானே, அது வரைக்கும் நல்லது."

மார்லா நின்றாள். தான் விற்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் டாட்டி நம்ப வேண்டுமே. உள்பக்கம் நடந்தாள்.

உடைமாற்றும் அறையில் மெல்கி தனியாக இருந்தான். அலமாரியிலிருந்த மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீளமான அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"மெல்கி, அதெல்லாம் வெளிய எடுத்து வை. உன்னை யாரும் விக்கல."

"மார்ச் மாசம் ஃபுளோரிடா பயிற்சி முகாம்ல என்ன சொன்னீங்க, மிஸ் மார்லா? அப்படி ஒரு நாள் வந்தா முதல்ல என் வாயாலதான் நீ கேப்பேன்னு சொன்னீங்க."

"இப்பவும் அதைத்தான் சொல்றேன்."

"என் பொண்டாட்டி டி.வி.யில பாத்துட்டு போன் பண்ணி அழுவுறா. நேத்து ராத்திரிதான் குழந்தைக்குத் தொட்டிலைப் பொருத்தினேன், அதை எந்த ஊருக்குத் தூக்கிட்டுப் போறதுன்னு கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்?"

அவன் கடைசி மட்டையைப் பெட்டியில் போட்டான். வைக்கவில்லை, போட்டான்.

தன்னை ஏன் ஆட்டத்திலிருந்து எடுத்தார்கள் என்று மார்லாவிடமே கேட்டான். அதை அவள் வரும் வழியிலேயே பயிற்சியாளர் ப்ரூட்டிடம் கேட்டிருந்தாள். முதலாளியம்மாவே கட்டிப் பிடித்து அழுததைப் பார்த்ததும் பேரம் முடிந்துவிட்டது என்று ப்ரூட் நினைத்துவிட்டார். விற்ற ஆளுக்கு மைதானத்தில் கால் பிசகினால் பேரம் முறிந்துவிடும், பழி தன் தலையில் விழும். அதனால் உடனே உட்கார வைத்தார். உட்கார வைத்ததைப் பார்த்த மற்றவர்கள் வரிசையாக வந்து கட்டிப் பிடித்தார்கள். அதைப் பார்த்து மைதானம் ஊளையிட்டது. ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பதாயிரம் பேரும் ஓர் அணியும் பயிற்சியாளரும், ஒரு கிழவியின் கண்ணீரை வைத்து ஒரு மனிதனைப் பத்து நிமிடத்தில் ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

"அம்மா உன்கிட்ட என்ன சொன்னாங்க?" மார்லா கேட்டாள்.

மெல்கி முதல்முறையாகத் திரும்பினான். பதினேழு வயதில், பனி என்றால் என்னவென்றே தெரியாமல் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்து இறங்கியவன். முதல் குளிர்காலம் முழுக்க ஐரீன் வீட்டுப் பின்னறையில் தங்கி, அவள் அவித்துப் போட்ட பியரோகிக் கொழுக்கட்டையைத் தின்று வளர்ந்தவன்; அவளைத் தன் ஊர் மரியாதையில் டோன்யா, அதாவது அம்மணி, என்றே கூப்பிடுவான்.

"டோன்யா ஐரீன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. என்னை மன்னிச்சுடுப்பான்னாங்க. விக்கலைன்னா எதுக்கு மன்னிப்பு?"

மார்லா, ஆறு மணிவரை பெட்டியை ஒட்டாமல் வைத்திரு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வாசலைத் தாண்டும்போது கோபம் முழுசாக ஏறியிருந்தது. டெட்தான் அம்மாவை அழவைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறான்.

டெட்டின் அறை மைதானத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. ஐம்பது வயதுக்காரன், அப்பாவின் கனத்த கழுத்து, யாருடைய ஜாடையிலும் சேராத பொறுமை. மேசைமேல் கைப்பேசி, அதன் பக்கத்தில் பாதி தின்ற மாட்டிறைச்சி ரொட்டி. மார்லா கதவைத் தட்டவில்லை.

"அம்மாகிட்ட எப்ப கையெழுத்து வாங்கின?"

டெட் எழுந்துகொள்ளவில்லை. தான் எதுவும் வாங்கவில்லை என்றான். மேற்குக் கடற்கரை அணி மூன்று பையன்களைத் தருவதாகச் சொல்லியிருப்பது உண்மை, ஆறு மணிவரை அது மேசைமேல் இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் அம்மா மத்தியானத்திலிருந்து அவன் போனையும் எடுக்கவில்லையாம். தொலைக்காட்சியில் அந்த அணைப்பைப் பார்த்தபோது, மார்லாதான் தன் முதுகுக்குப் பின்னால் மெல்கியை வேறு யாருக்கோ தள்ளிவிட்டாள் என்று அவன் நினைத்தானாம்.

"நானா? அவனை ஏழு வருஷம் கட்டிப்போடச் சொன்னவ நான்."

"ஏழு வருஷம், பதினாலு கோடி டாலர். ஒரே ஆளுக்கு. இது நியூயார்க் இல்ல மார்லா, பஃபலோ. நாலாவது வருஷம் அவனுக்கு முட்டி போச்சுன்னா மீதிக் காலம் நீயும் நானும் டாட்டி பக்கத்துல நின்னு சாசேஜ் சுட்டுத்தான் சம்பளம் குடுக்கணும்."

"முழங்கை போன ஆளுக்கு இப்பவும் குடுத்துட்டுதான இருக்கோம். அதுல யாரு கையெழுத்து இருக்கு?"

டெட்டின் கழுத்து சிவந்தது. கீழே டக்-அவுட் ஓரத்தில், முழங்கையில் கட்டோடு சூரியகாந்தி விதை மென்று துப்பிக்கொண்டிருந்தான் பிராண்ட். முப்பத்து மூன்று வயதுப் பந்துவீச்சாளனுக்கு, டிக்கெட் விற்கும் என்று டெட் ஐந்து வருட ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தான். இரண்டு வருடமாக அவன் பந்தைத் தொடவில்லை. அணியின் மொத்தச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு அந்த விதைத் தோலோடு தரையில் கிடந்தது.

"சரி, அது என் தப்பு," என்றான் டெட். "ஆனா நீ போட்ட சட்டம் என்ன? நம்மள மாதிரி ஊரு ஒரு வருஷம் தாமதமா விக்கிறதைவிட ஒரு வருஷம் முன்னாடியே வித்துடணும்னு சொன்னே. கிராண்டலை அப்படித்தான வித்தே. ஊரே உன் கார் மேல முட்டை அடிச்சுது, நீ அசையல. இப்ப மட்டும் ஏன் கை நடுங்குது?"

"கிராண்டலுக்கு முப்பத்தொண்ணு. இவனுக்கு இருபத்தஞ்சு. இறங்கப் போறவனை விக்கணும், டெட். ஏறிக்கிட்டு இருக்கிறவனைக் கூட வச்சுக்கணும். பெரிய ஊர்க்காரன் இவனோட விலை ஏறினப்புறம் வாங்குவான். நாம ஏறுறதுக்கு முன்னாடியே கையெழுத்து வாங்கணும். நமக்கு இருக்கிற ஒரே வழி அதுதான். அதையும் வித்துட்டா அப்புறம் நாம எதுக்கு இருக்கோம், அவனுங்களுக்குப் பையன்களை வளத்துக் குடுக்கவா?"

அவள் அதோடு நிறுத்தவில்லை. சின்ன ஊர் அணிகள் ஆட்டக்காரர்களுக்குச் செலவு செய்யட்டும் என்றுதான் லீக் வருடா வருடம் பங்கு அனுப்புகிறது. போன வருடப் பங்கு எங்கே போனது என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். அந்தப் பணத்தில் டெட் மைதானத்தில் நட்ட ராட்சதத் திரை, நாட்டிலேயே நான்காவது பெரியதாம். அதில் இப்போது மெல்கிக்குப் பதிலாக நிற்பவன், கைக்கு நேராக வந்த பந்தைக் கோட்டைவிடுவது மிகத் தெளிவாகத் தெரிந்தது. எதிரணி சமன் செய்தது.

பிளே-ஆஃப் என்னும் இறுதிச் சுற்றுக்குப் போக, பட்டியல் கணக்கில் ஒன்றரை ஆட்டம்தான் பின்னால் இருந்தார்கள். இன்னும் ஐம்பத்து நான்கு ஆட்டம் பாக்கி. இந்த நிலைமையில் கடையைக் கட்டச் சொல்கிறவனை அண்ணன் என்று எப்படிச் சொல்வது?

டெட் கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்தான். முட்டிக்கொண்டாயிற்று, அம்மாவிடம் போவோம் என்றான்.

ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸ்வரை இழுத்து, ஐந்து மணிக்குத் தோல்வியில் முடிந்தது. கூட்டம் வெளியேறும்போது பாடவில்லை, திட்டவில்லை. அந்த மௌனம் ஊளையைவிட மோசமாக இருந்தது.

ஐரீன் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய ஆட்டக் குறிப்பேடு. ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறித்து, கடைசி ஆள் அவுட் ஆனதையும் கட்டத்தில் எழுதி, கூட்டிப் பார்த்துச் சரியாக இருந்தால்தான் இருக்கையை விட்டு எழுவாள். முப்பத்தைந்து வருடப் பழக்கம். நடுவில் பேச்சுக் கொடுத்தால் கையை உயர்த்துவாள், அவ்வளவுதான். இருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். எதிரே வேலையாட்கள் மண்ணுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் மாவு ஆலையின் வறுத்த ஓட்ஸ் வாசனை இருந்தது.

டெட்டின் கைப்பேசி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நடுங்கியது. ஐந்தே கால். ஐந்தரை. ஐரீன் ஏழாவது இன்னிங்ஸின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். மெல்கியின் பெயரை அடித்து வேறு பெயர் எழுதியிருந்த இடத்தில் பென்சில் நின்றது.

"இது என்னாலதான நடந்தது?" என்றாள். "நான் கட்டிப் பிடிச்சதாலதான?"

"ஆமாம்மா," என்றாள் மார்லா. அதை மென்மையாகச் சொல்ல அவளுக்கு வரவில்லை. "ஒரு ஆட்டம் போச்சு. அது போகட்டும். அவன் பெட்டி கட்டி வச்சிருக்கான். இவன் கையில போன் வச்சிருக்கான். நீ சொல்லு."

டெட் தன் கட்சியை அடுக்கினான். குரலை உயர்த்தவில்லை. மூன்று பையன்கள், மூன்று பேரும் பந்துவீச்சாளர்கள், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு சாசேஜ் லாரி ஓட்டுநரின் சம்பளம்தான். இரண்டு வருடத்தில் ஒருவன் தேறினாலும் லாபம். மார்லா குறுக்கிட்டு, அந்த மூன்று பேரில் ஒருவன் இன்னும் முகச்சவரமே ஆரம்பிக்கவில்லை என்றாள். ஐரீனின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று மார்லா நினைத்துக்கொண்டாள்.

"மெல்கியை விக்கிறதா இல்ல," என்றாள் ஐரீன். "அவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லிடு, டெட்."

"அம்மா, கொஞ்சம் யோசிச்சு..."

"சொல்லிட்டேன்ல."

டெட் எழுந்தான். சட்டைப் பையில் கண்ணாடியைச் சொருகினான். மார்லாவின் முகத்தைப் பார்க்காமல், "ஜெயிச்சுட்டே. இன்னும் நாலு வருஷம் கழிச்சுப் பேசுவோம்," என்று சொல்லிவிட்டு, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு காலி இருக்கைகளின் நடுவே மேலே ஏறிப் போனான்.

மார்லா வெண்டெலை அழைத்தாள். மெல்கியிடம் போய்ப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள் என்றாள். டாட்டியிடமும் சொல்லச் சொன்னாள். சட்டையைக் குப்பையில் போட்டவனைத் தேடிப் பிடித்து அவனிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கிழக்கே, போலந்துக்காரர்களின் பழைய தேவாலயத்தில் மணி ஆறு அடித்தது. கெடு முடிந்தது. இனி இந்த வருடம் மெல்கியை எவனும் தொட முடியாது.

மார்லா பையைத் திறந்து, இரண்டு மாதமாகச் சுமந்து திரிந்த ஒப்பந்தத்தை எடுத்தாள். ஏழு வருடம். கடைசிப் பக்கத்தில் ஐரீன் டோம்பெக் என்ற பெயருக்கு மேலே ஒரு வெற்றுக் கோடு. பேனாவின் மூடியைக் கழற்றி அம்மாவின் குறிப்பேட்டின் மேல் வைத்தாள்.

"இதுலயும் போட்டுடும்மா. ராத்திரியே அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்துடறேன். அந்தப் பொண்ணு தொட்டிலைப் பாத்துப் பாத்து அழுதுக்கிட்டு இருக்காளாம்."

ஐரீன் பேனாவை எடுக்கவில்லை. பென்சிலைக் குறிப்பேட்டுக்குள் வைத்து மூடினாள். அதற்கு வழக்கமாகப் போடும் ரப்பர் பட்டையை, ஒருமுறைக்கு இரண்டுமுறை சுற்றிப் போட்டாள்.

"என் கையெழுத்துக்கு இனிமே மதிப்பு இல்ல, மார்லா."

"என்னம்மா சொல்றே?"

"ஞாயித்துக்கிழமை சாம்பல் கார்ல வந்தாரே, அவர் டெட்டைத் தேடி வரல, என்னைத் தேடி வந்தார். டெட் வேணும்னு பொய் சொல்லல, அவன்கிட்ட காப்பீடுன்னு சொல்லிட்டுப் போகச் சொன்னதே நான்தான்."

மார்லாவின் கையில் பேனா மூடி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

ஐரீன் எழுந்து, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நனைந்த மைதானத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"மெல்கி எங்கயும் போகல. நாமதான் போறோம். மெல்கியோட சேத்து டீமையே நான் நேத்துக் காலைலயே வித்துட்டேன்."